முதல் துளி யாருக்கு?

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட தொலைவு பத்துக் கிலோமீட்டரைக்கூட எட்டாது. ஒரே சாரல், ஒரே வயல்வெளி, ஒரே பேச்சுவழக்கு. ஆயினும் ஆங்கிலேயர் காலத்தில் இவ்விரு ஊர்களும் இருவேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. செங்கோட்டை திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. குற்றாலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு இருந்த அரண்மனை, எல்லைகள் மாறிய பின்னரும் கேரள அரசின் உடைமையாகவே நீடித்தது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இந்த நிலப்பகுதி குறவஞ்சியாலும் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டியாலும் அறிமுகமானது. இங்கே நாம் பேச விரும்புவது வேறொன்று. ஒரு புதிய தடுப்பு மருந்து வருகிறது. எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை. அப்போது முதலில் பெற வேண்டியவர் யார்? 2021-ல் நாடெங்கும் தேநீர்க்கடைகளில் விவாதிக்கப்பட்ட இக்கேள்வி, இந்த எல்லைப்புறத்துக்கு இருநூறு ஆண்டுப் பழமையானது. அன்று நோய் பெரியம்மை.

விடை காண்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் பெறுதல் என்பது சலுகையா, சுமையா? வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் அது இரண்டாகவும் இருந்திருப்பது தெரிகிறது. மருந்தின்மீது ஐயம் இருக்கும்வரை வரிசையின் முன்னிடம் ஒரு சுமை. ஐயம் நீங்கித் தட்டுப்பாடு தோன்றியதும் அதே இடம் சலுகையாகிவிடுகிறது. எந்தக் கட்டத்தில் யார் முன்னால் நிறுத்தப்பட்டார்கள் என்று பார்க்காமல் ஒரு வரிசையின் நியாயத்தை அளந்துவிட முடியாது.

பெரியம்மையைத் தமிழர் நோய் என்ற சொல்லால் குறிக்கத் தயங்கினர். அம்மை வந்திருக்கிறாள், முத்து போட்டிருக்கிறது என்றே சொன்னார்கள். வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை தாளிக்கும் ஓசையும் எழாமல் பார்த்துக்கொண்டார்கள். பிழைத்தவர் முகத்தில் தழும்பு, பலருக்குக் கண்பார்வை இழப்பு. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-ல் பசுவம்மையின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று கண்டார். தமிழில் அந்நீர் அம்மைப்பால் எனப் பெயர் பெற்றது. அதை இடுவது அம்மை குத்துதல் ஆயிற்று. காக்க வந்த மருந்துக்கும் அம்மையின் பெயரே அமைந்தது.

அம்மைப்பாலின் தட்டுப்பாடு விந்தையான ஒன்று. அது புட்டியில் தங்காது. வெயில் பட்டாலோ நாட்கள் கடந்தாலோ வீரியம் இழந்துவிடும். அதைக் கெடாமல் வைத்திருக்கக்கூடிய சிறந்த பாத்திரம் மனித உடல்தான். ஒருவர் கையில் குத்தினால் சுமார் எட்டாம் நாளில் கொப்புளத்தில் நீர் கோக்கும். அந்த நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்த வேண்டும். அந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் ஊருக்கே மருந்து இல்லை. ஏற்கெனவே அம்மை கண்டவர் உடலில் கொப்புளம் எழாதாகையால், சங்கிலியின் கண்ணிகளாகக் குழந்தைகளே தேவைப்பட்டார்கள்.

அம்மைப்பால் வியன்னாவில் ஜான் டி காரோ என்ற மருத்துவர் அனுப்பியதிலிருந்து பாக்தாத், பஸ்ரா வழியாகக் கடல் கடந்து பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14-ஆம் நாள் அங்கே ஆனா டஸ்டால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது குத்தப்பட்டது. இந்தியாவில் அம்மைப்பால் வெற்றிகரமாகப் பற்றிய முதல் உடல் அவளுடையது. அவள் கையிலிருந்து வேறு ஐந்து குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்கும் அது சென்றது. அதே ஆண்டில் சென்னையையும் எட்டியது. அடுத்த ஆண்டு, 1803 நவம்பரில், ஸ்பெயினிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் தம் நாட்டின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலைக் கொண்டுசெல்லப் புறப்பட்டார். கப்பலில் அவர் ஏற்றிக்கொண்ட கலங்கள், ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்கள் 22 பேர்.

இவர்களுக்கெல்லாம் மருந்து முதலில் கிடைத்தது உண்மை. அதனால் இவர்கள் நோயிலிருந்து காக்கப்பட்டதும் உண்மை. ஆனால் எவருக்கு ஆபத்து மிகுதி என்று ஆராய்ந்து இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. மறுப்புச் சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் என்பதே இவர்களின் தகுதி. பணியாளர் வீட்டுக் குழந்தைகளும் அநாதைகளும் வரிசையின் தொடக்கத்தில் நின்றதைச் சலுகை என்று எழுதினால் வரலாறு பொய்யாகும்.

கைக்குக் கை கடத்தும் இம்முறை நம் நாட்டில் இன்னொரு தடையில் முட்டியது. யார் கையிலிருந்து யார் கைக்கு? எளிய சாதிக் குழந்தையின் உடலில் ஊறிய நீரைத் தம் பிள்ளையின் உடலில் ஏற்ற உயர்சாதிப் பெற்றோர் மறுத்தனர். ஏழைப் பெற்றோரும் தம் குழந்தையின் கையைக் கீறிக் கொப்புள நீரைப் பிறருக்காக எடுப்பதை அஞ்சினர். ஆக, மருந்து குறைவு. இருக்கும் மருந்தையும் வாங்கிக்கொள்ள ஆட்கள் குறைவு. இந்த இரட்டைக் குறைபாட்டை அன்றைய ஆட்சியாளர்கள் இரு வழிகளில் எதிர்கொண்டார்கள்.

முதல் வழி, இலக்கியவாதிகளாகிய நம்மை நேரடியாகத் தொடுவது. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிய, தமிழில் எல்லீசன் என்று அழைக்கப்பட்ட எப்.டபிள்யூ. எல்லிஸ் சென்னையின் கலெக்டராக இருந்தவர். பசுவின் கொடையாக அம்மைப்பாலைச் சித்திரிக்கும் ஆக்கத்தை, பழைய நூலிலிருந்து கிடைத்தது போன்ற தோற்றத்தில் அவர் இயற்றினார் என்று சொல்லப்படுகிறது. 1819 ஜனவரியில் சென்னைப் பத்திரிகையொன்றில் கல்வி விரும்பன் என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. அம்மைப்பால் குத்தும் முறை வடமொழி மருத்துவ நூலிலேயே உள்ளது என்று அது வாதிட்டது. இத்தகைய முயற்சிகளை ஆராய்ந்த டொமினிக் வூயாஸ்டிக், நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட மோசடி என்று பொருள்படும் தலைப்பைத் தம் கட்டுரைக்குச் சூட்டினார். எல்லிஸ் அதே 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் இறந்தார். பொய்யான பழமையைக் காட்டி உண்மையான மருந்தை விற்க முயன்ற இந்த உத்தி ஒன்றைத் தெளிவாக்குகிறது. வரிசையை உருவாக்குமுன் நம்பிக்கையை உருவாக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்கான நேர்மையான வழிதான் அவர்களுக்குப் புலப்படவில்லை.

இரண்டாம் வழி, அரண்மனையிலிருந்து தொடங்குவது. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசியருள் ஒருவரான தேவஜம்மணிக்கு அம்மை குத்தப்பட்டது. தாமஸ் ஹிக்கி 1805-ஐ ஒட்டி வரைந்த ஓவியமொன்றில் மூன்று அரசகுலப் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி சேலையை விலக்கிக் காட்டுவது அம்மை குத்திய கையைத்தான் என்று வரலாற்றாளர் நைஜல் சான்ஸலர் கருதுகிறார். ஓவியத்தை ஒரு விளம்பரமாக அவர் வாசிக்கிறார்.

திருவிதாங்கூரில் இது 1813-ல் நிகழ்ந்தது. ஆட்சியில் இருந்தவர் ராணி கௌரி லட்சுமி பாய். இருபது வயதைச் சற்றே கடந்தவர். சுவாதித் திருநாளை அவர் ஈன்றெடுத்த ஆண்டும் அதுவே. கர்னல் மன்றோ அப்போது ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தார். நாட்டில் அம்மை குத்துதலைப் புகுத்த முடிவு செய்தபோது, மக்களின் அச்சத்தைப் போக்கும் பொருட்டு ராணி தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் முதலில் குத்திக்கொண்டார். செங்கோட்டையும் அந்த அரசின் பகுதியாக இருந்தமையால், குன்றின் இப்பக்கத்திலும் ராணியின் பெயரோடு சேர்ந்தே அம்மைப்பால் அறிமுகமானது எனலாம்.

இன்றைய கண்ணோடு பார்த்தால், நாட்டில் அரிதாய் உள்ள மருந்தின் முதல் துளியை ஆள்பவரே எடுத்துக்கொண்டது போலத் தோன்றும். அன்றைய நிலையில் பொருள் நேர் எதிரானது. என்ன ஆகுமோ என்று குடிகள் அஞ்சிய ஒன்றை ஆள்பவர் தம் உடலில் ஏற்றுக்கொண்டார். பிள்ளை பெற்ற ஆண்டில், ஆண் வாரிசுக்காகக் காத்திருந்த அரசகுலத்தில், அது சிறிய துணிவன்று. ராணி ஏற்றது சுமையைத்தான்.

இதே திருவிதாங்கூரில் 66 ஆண்டுகள் கழித்து வரிசை மாறியது. 1879-ல் வெளியான அரச ஆணை அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதி ஆகிய மூவகையினருக்கும் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. இப்பட்டியலை எத்தனை முறை வாசித்தாலும் சலிப்பதில்லை. இம்மூவரையும் இணைப்பது எது? வயதன்று, நோய் வாய்ப்பும் முழுமையாக அன்று. சிறையும் பள்ளியும் கூட்டம் நெருங்கிய இடங்கள் என்பது ஓரளவே விளக்கம். இம்மூவரும் அரசின் கைக்கு எட்டிய தொலைவில் இருந்தார்கள் என்பதே பொருத்தமான விடை. ஊழியரின் சம்பளம் அரசிடம். மாணவரின் சேர்க்கை அரசிடம். கைதியின் உடலே அரசிடம். செங்கோட்டைப் பள்ளிச் சிறுவனை இந்த ஆணை தொட்டது. பக்கத்து வயலில் நாற்று நட்ட பெண்ணை அது தொடவில்லை. எல்லைக்கு மறுபுறம் இருந்த தென்காசிச் சிறுவனும் அவ்வாணைக்கு வெளியேதான் இருந்தான்.

1813-ல் ஆள்பவர் முன்னே சென்றார், குடிகள் பின்தொடர அழைக்கப்பட்டார்கள். 1879-ல் குடிகளில் கைக்கு எட்டியவர்கள் முன்னே நிறுத்தப்பட்டார்கள். முதலாவது எடுத்துக்காட்டின் வரிசை. இரண்டாவது அதிகாரத்தின் வரிசை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்கும் தேவையின் வரிசை இன்னும் பிறக்கவில்லை.

அது பிறப்பதற்கு மருந்தின் இயல்பே மாற வேண்டியிருந்தது. கன்றின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை பரவியதும் குழந்தைகள் கலங்களாக இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங், அம்மைப்பாலை லானோலின் என்னும் கம்பளிக் கொழுப்பில் கலந்து வெப்பத்தில் கெடாமல் காக்கும் வழியைக் கையாண்டார். அவர் பெயரில் கிண்டியில் 1899-ல் தோன்றி 1905-ல் முறையாகத் திறக்கப்பட்ட கிங் நிலையம் மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலை உற்பத்தி செய்தது. மருந்தைத் தொலைதூர ஊர்களுக்குக் கெடாமல் அனுப்ப முடிந்த பிறகே, யாருக்கு அனுப்புவது என்ற கேள்வி அறவியல் கேள்வியாக உருக்கொண்டது. அதுவரை விடையைத் தீர்மானித்தது கொப்புளத்தின் எட்டாம் நாள்.

தேவையின் வரிசைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவில் தோன்றியது. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் அம்மை வெடித்தபோது வில்லியம் ஃபேகி குழுவினரிடம் எல்லோருக்கும் போதிய மருந்து இல்லை. எனவே நோயாளி எங்கே இருக்கிறார் என்று தேடி, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் குத்தினார்கள். நோய் அடங்கியது. இருக்கும் சிறிதளவு மருந்தை நோயின் பாதையில் நிறுத்துவதே போதும் என்ற அந்தப் பாடம் பின்னர் இந்தியாவிலும் பயன்பட்டது. 1975 மே மாதத்தோடு நம் நாட்டில் பெரியம்மை ஓய்ந்தது. 1980-ல் உலகம் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இங்கே முதலிடம் பெற்றவர் அரசரல்லர், கைதியல்லர். நோயாளியின் அண்டை வீட்டார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். புதிய மாவட்டம் நிலைகொள்ளும் முன்பே கொரோனா வந்தது. அருவிகளில் குளிக்கத் தடை. புளியரைச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். 1956-ல் செங்கோட்டையைவிட்டு விலகிய எல்லை, மேற்கே புளியரையில் மீண்டும் உயிர்பெற்றது.

இந்தியாவில் 2021 ஜனவரி 16-ஆம் நாள் தடுப்பூசி தொடங்கியது. மருத்துவப் பணியாளர்கள் முதலில். பிப்ரவரியில் பிற முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோரும், இணைநோயுள்ள 45 வயதினரும். ஏப்ரல் 1 முதல் 45 கடந்த அனைவரும். மே 1 முதல் 18 கடந்தோர். காகிதத்தில் இது தேவையின் வரிசை. பிரிட்டனின் முன்னுரிமைப் பட்டியலும் முதியோர் இல்லங்களிலிருந்தே தொடங்கியது. இந்தோனேசியா மட்டும், தன்னிடம் இருந்த சீனத் தடுப்பூசிக்கு முதியோர் பற்றிய சான்றுகள் போதாமையால், உழைக்கும் வயதினரை முன்னே வைத்தது. தேவை என்பதும் கையிலுள்ள அறிவைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

ஆயினும் ஜனவரியில் அந்த வரிசையின் முன்னிடத்தை எல்லோரும் விரும்பவில்லை. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் அப்போது வெளியாகியிருக்கவில்லை; அதைப் பெற்றவர்கள் தனியே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. தில்லியில் அரசு மருத்துவமனையொன்றின் உறைவிட மருத்துவர்கள் தங்களுக்கு மற்றொரு தடுப்பூசியே வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். நாடெங்கும் பதிவு செய்த பணியாளர்களுள் பலர் வரவில்லை. தில்லி எய்ம்ஸில் முதல் ஊசி பெற்றவர் தூய்மைப் பணியாளர் ஒருவர். அது அவருக்குச் செய்த மரியாதையா, அல்லது 1879-ன் பட்டியலுடைய நிழலா என்று கேட்கத் தோன்றும். அதே நாளில் அதே மருத்துவமனையின் இயக்குநரும் கை நீட்டினார் என்பதுதான் அக்கேள்விக்கு ஓரளவு பதில். இருவரும் ஒரே நாளில் நின்றிராவிட்டால் அந்த மரியாதை ஐயத்துக்கு உரியதாகியிருக்கும்.

தமிழ்நாட்டில் இச்சுமையை ஏற்ற இன்னொருவரை நாம் நினைவுகூர வேண்டும். நடிகர் விவேக், இன்றைய தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூரைச் சொந்த ஊராகக் கொண்டவர். மக்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகவே 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனைக்குச் சென்று, ஊடகங்களின் முன்னிலையில் அதைச் சொல்லி ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் நாள் மறைந்தார். அம்மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் ஆராய்ந்த மத்தியக் குழு அறிவித்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வதந்தி வேகமாகப் பரவியது. எடுத்துக்காட்டாக முன்வருபவர் தம் உடலோடு தம் விதியையும் பொதுவில் வைக்கிறார். கௌரி லட்சுமி பாய்க்கு 1813-ல் காய்ச்சல் கண்டிருந்தால் திருவிதாங்கூரில் அம்மைப்பாலின் கதி என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சில நாட்களில் காட்சி தலைகீழானது. இரண்டாம் அலை உச்சம் தொட, நேற்றுவரை தயங்கியவர்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள்; மருந்தோ இல்லை. மே 1 முதல் கொள்கையும் மாறியது. உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு. மீதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசு 150 ரூபாய்க்குப் பெற்ற கோவிஷீல்டுக்கு மாநிலங்கள் 300 ரூபாயும் தனியார் 600 ரூபாயும் தரவேண்டியிருந்தது. 45 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் முதலில் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். திறன்பேசியும் விரல்வேகமும் உள்ள நகரத்தார், கிராமத்து மையங்களில் காலியிடம் கண்டு வாகனத்தில் சென்று போட்டுக்கொண்ட செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. மே 24-க்குப் பின்னர் நேரில் பதிவு செய்ய வழி பிறந்தது. ஜூன் 21 முதல் கொள்முதலில் பெரும்பங்கை மத்திய அரசே மீண்டும் ஏற்றது. இடைப்பட்ட ஏழு வாரங்களில், காகிதத்தில் வயதின் வரிசை. நடைமுறையில் பணத்தின் வரிசை, இணையத்தின் வரிசை.

எனவே, தேவைக்கேற்ப வரிசை என்று அறிவித்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. அஞ்சப்படும் காலத்தில் எளியவர் முன்னேயும், விரும்பப்படும் காலத்தில் எளியவர் பின்னேயும் தள்ளப்படுகிறார்கள் என்றால், அந்த வரிசைக்கு எந்த அழகிய பெயர் சூட்டினாலும் அது அநீதியே. வரிசையை வகுப்பவர்கள் ஐயமுள்ள நாளில் முன்னே வரவும், தட்டுப்பாடு வந்த நாளில் பின்னே நிற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது பாதி அறம்தான். அடுத்த கொள்ளைநோய்க்கான திட்டங்களில் வயது, நோய், தொழில் என்ற பகுப்புகள் நிச்சயம் இருக்கும். முன்னிடம் சுமையாக இருக்கும் நாட்களில் அதில் யார் நிற்பார் என்ற வரியும் எழுதப்பட வேண்டும்.

1813-க்குத் திரும்பினால் ஒரு நெருடல் எஞ்சுகிறது. திருவிதாங்கூரில் முதலில் அம்மை குத்திக்கொண்டவர் ராணி என்று வரலாறு சொல்கிறது. ஆனால் கைக்குக் கை கடத்திய காலம் அது. ராணியின் கையில் ஏறிய அந்தத் துளி, அக்கால வழக்கப்படி, அநேகமாக ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். எட்டு நாட்களுக்கு முன்பே அக்குழந்தை வரிசையில் நின்றிருக்க வேண்டும். அதன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.